டிக் போடும் மாணவரும் கையெழுத்திடும் நிறுவனமும்

2009 ஜனவரி 7 அன்று சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு தன் இயக்குநர் குழுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். 2008 செப்டம்பர் 30 தேதியிட்ட கணக்கில் ரொக்கமும் வங்கி இருப்புமாகக் காட்டியிருந்த 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி இல்லவே இல்லை என்று அதில் ஒப்புக்கொண்டார். அந்த மோசடியைப் பற்றிப் பேசுகிறவர்கள் ராஜுவின் பேராசையைப் பேசுவார்கள், அல்லது தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட்ட பார்ட்னர்களைப் பேசுவார்கள். ஆனால் 2011 ஏப்ரலில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்.இ.சி., ப்ரைஸ் வாட்டர்ஹவுஸின் இந்திய நிறுவனங்கள் மீது பிறப்பித்த உத்தரவு வேறோர் இடத்தில் கைவைத்தது. ‘இந்தக் கம்பெனிக்கு உங்களிடம் இவ்வளவு பணம் இருக்கிறதா’ என்று வங்கிகளைக் கேட்கும் கன்ஃபர்மேஷன் கடிதங்களை அனுப்புவதையும் அவற்றுக்கான பதிலைப் பெறுவதையும் ஆடிட்டர்கள் தங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளவில்லை, கிளையன்டிடமே விட்டுவிட்டார்கள், இது சத்யத்தோடு நிற்காத வழக்கமாகவே இருந்தது என்றது அந்த உத்தரவு. நிறுவனங்கள் குற்றச்சாட்டை ஏற்காமலும் மறுக்காமலும் 60 லட்சம் டாலர் கட்டி அதை முடித்துக்கொண்டன. கன்ஃபர்மேஷன் கடிதம் அடிப்பது, கவரில் போடுவது, பதில் வந்ததா என்று பட்டியல் வைத்துக்கொள்வது எல்லாம் எந்த ஆடிட் அலுவலகத்திலும் கடைசியாக வந்து சேர்ந்தவரின் மேசைக்குத்தான் போகும். அந்த மேசையில்தான் தணிக்கை பிழைக்கிறது, அல்லது சாகிறது. பெரிய நிறுவனங்களில் சி.ஏ. மாணவர்கள் பெறும் பயிற்சியை அவர்களின் எதிர்காலத்துக்கான படிக்கட்டாக மட்டும் பார்க்கிறோம். அவர்கள் அன்றாடம் செய்யும் வேலையே தணிக்கையின் அடித்தளம் என்றும், அதை அவசரத்துக்கும் பணிவுக்கும் ஒப்படைத்துவிட்டதன் விலையைக் கணக்கை நம்பும் மக்கள் கட்டுகிறார்கள் என்றும் இக்கட்டுரை வாதிடுகிறது.

இந்தியாவில் இந்தப் பயிற்சிக்கு ஆர்ட்டிகிள்ஷிப் என்று பெயர். 1949ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான பட்டயக் கணக்காளர் கழகம் இதை நடத்துகிறது. 2023 ஜூலையில் வந்த புதிய பாடத்திட்டத்துக்குப் பிறகு, இன்டர்மீடியட் தேர்வின் இரண்டு குரூப்பையும் முடித்த மாணவர், சொந்தமாகத் தொழில் செய்யும் ஒரு சி.ஏ.விடம் இரண்டு ஆண்டுகள் பயிற்சி பெற வேண்டும். அதற்கு முன் இது மூன்று ஆண்டுகள். பயிற்சி முடிந்து ஆறு மாதம் கழிந்த பின்பே இறுதித் தேர்வு எழுத முடியும். சட்டத்தின் கண்ணில் இது குரு–சீடர் உறவு: ஒப்பந்தம் மாணவருக்கும் பிரின்சிபல் எனப்படும் ஒரு தனிமனிதருக்கும் இடையே எழுதப்படுகிறது. அனுபவத்தைப் பொறுத்து ஒரு மூத்த பார்ட்னர் பத்து பேர் வரை சேர்த்துக்கொள்ளலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் இங்கே நேரடியாகத் தணிக்கை அறிக்கையில் கையெழுத்திட முடியாது. ஆகவே உலகின் நான்கு பெரிய நிறுவனங்களும் எஸ்.ஆர். பாட்லிபாய், பி.எஸ்.ஆர். அண்ட் கோ, டெலாய்ட் ஹாஸ்கின்ஸ் அண்ட் செல்ஸ், ப்ரைஸ் வாட்டர்ஹவுஸ் ஆகிய பெயர்களில் இந்தியப் பதிவு பெற்ற நிறுவனங்கள் வழியாக இயங்குகின்றன. மாணவர் காகிதத்தில் ஒரு பார்ட்னரின் சீடர். நடைமுறையில் அந்தப் பார்ட்னரை அவர் சில முறை பார்த்திருந்தால் பெரிது. அவருக்கு வேலை சொல்வது சீனியர், சீனியருக்கு மேல் மேனேஜர், அவருக்கும் மேலே இன்னும் இரண்டு படிகள். ஒரு மனிதரின் அருகிலிருந்து தொழில் கற்பதற்காக வகுத்த விதி, ஆயிரக்கணக்கானோர் வேலை செய்யும் அமைப்புக்குள் அப்படியே இடம்பெயர்ந்திருக்கிறது. இந்தப் பொருத்தமின்மையை யாரும் உட்கார்ந்து திட்டமிடவில்லை. ஆனால் பின்னால் சொல்லப்போகும் எல்லாமே இதிலிருந்துதான் கிளைக்கிறது.

மாணவருக்குக் கிடைக்கும் வேலைகளின் பட்டியல் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: கணக்குப் பதிவைப் பில்லோடு ஒப்பிடும் வவுச்சிங், கன்ஃபர்மேஷன், மார்ச் கடைசியில் கிடங்குக்குப் போய் ஸ்டாக் எண்ணுவது, போன வருஷ ஃபைலைத் திறந்து இந்த வருஷ எண்களை நிரப்புவது. ‘பில்லைப் பார்த்து டிக் போடுகிற வேலை’ என்று மாணவர்களே அலுத்துக்கொள்வார்கள். அந்த டிக்குக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை ஒரு கொள்முதல் பில்லை வைத்தே பார்க்கலாம். பில்லின் தொகையும் லெட்ஜரின் தொகையும் ஒன்றாக இருப்பது ஆரம்பம் மட்டுமே. சரக்கு வாசலுக்குள் வந்ததற்குக் கேட் பதிவேட்டில் வரி உண்டா, சரக்கு பெற்றுக்கொண்ட சீட்டில் அளவு பொருந்துகிறதா, ஆர்டரில் சொன்ன விலைதானா, விற்றவரின் ஜி.எஸ்.டி. எண் உயிரோடு இருக்கிறதா, மார்ச் 29 தேதியிட்ட பில்லுக்கு ஏப்ரல் 3 அன்று லாரி வந்திருந்தால் அந்தச் செலவு எந்த ஆண்டில் சேர வேண்டும் என்று கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. வரிசையாக வந்த பத்து பில்களும் ஒரே கையெழுத்தில், மடிப்பு விழாத புதுத் தாளில் இருந்தால் அதையும் ஒருவர் கவனிக்க வேண்டும். டிக் போட்டவர் இவ்வளவையும் பார்த்துவிட்டேன் என்று உலகத்துக்குச் சொல்கிறார். அந்தப் பில்லை மேலே இருப்பவர்கள் யாரும் மறுபடி பார்க்கப்போவதில்லை; அவர்கள் பார்ப்பது டிக்கை.

இந்த நடைமுறைகள் வெறும் சடங்காகத் தோன்றுவதற்குக் காரணம், அவை எந்தச் சேதத்திலிருந்து பிறந்தன என்பது மறந்துபோனதுதான். 1938 டிசம்பரில் அமெரிக்காவில் மெக்கெஸன் அண்ட் ராபின்ஸ் என்ற மருந்து நிறுவனத்தின் மோசடி வெளிப்பட்டது. 8 கோடியே 70 லட்சம் டாலர் சொத்தில் சுமார் 1 கோடியே 90 லட்சம் டாலர் சரக்கும் வரவேண்டிய பாக்கியும் கற்பனை. அன்றைய வழக்கப்படி தணிக்கையாளர்கள் கிடங்குக்குப் போய்ச் சரக்கைப் பார்க்கவில்லை, கடன்பட்டவர்களுக்குக் கடிதம் எழுதவும் இல்லை. அப்படிச் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் அப்போது இல்லை. 1939இல்தான் அமெரிக்கக் கணக்காளர் அமைப்பு அவ்விரண்டையும் தணிக்கையின் வழக்கமான கடமையாக ஆக்கியது. இன்று ஒரு மாணவர் வெயிலில் கிடங்கில் நின்று மூட்டை எண்ணுவதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. வெளியிலிருந்து பெறும் உறுதிப்பாடு பற்றிய நம் தணிக்கைத் தரம் எஸ்.ஏ. 505, கன்ஃபர்மேஷன் கடிதங்கள் தணிக்கையாளரின் கட்டுப்பாட்டிலேயே இருக்க வேண்டும் என்று தெளிவாகவே சொல்கிறது. ‘கொடுங்கள், நாங்களே போஸ்ட் பண்ணிவிடுகிறோம்’ என்று கிளையன்டின் அக்கவுண்ட்ஸ் மேனேஜர் அன்போடு கை நீட்டும்போது, வேண்டாம் என்று சொல்லும் தெம்பு இருபது வயது மாணவருக்கு இருக்கிறதா என்பதில் அந்தத் தரத்தின் உயிர் தொங்குகிறது.

அந்தத் தெம்பைப் பெரிய நிறுவனம் வளர்க்கிறதா? பிரிட்டனில் ஃபியோனா ஆண்டர்சன்-கஃப், கிறிஸ்டோபர் கிரே, கீத் ராப்சன் மூவரும் 1990களில் இரண்டு பெரிய நிறுவனங்களின் பயிற்சி மாணவர்களிடம் நீண்ட உரையாடல்கள் நடத்தி ஆய்வுகள் எழுதினார்கள். அந்த மாணவர்களின் பேச்சில் திரும்பத் திரும்ப வந்தது ‘கிளையன்ட்’. நல்ல தொழில்முறையாளர் என்றால் எப்படி உடுத்துவார், எப்படிப் பேசுவார், நேரத்தை எப்படிக் கையாள்வார், கிளையன்டை எப்படிச் சங்கடப்படுத்தாமல் நடப்பார் என்பதை அவர்கள் மிக விரைவில் கற்றுக்கொண்டார்கள். கணக்கை நம்பிப் பணம் போடும் வெளியுலக மனிதர் அந்தப் பேச்சில் அநேகமாக இல்லை. இது அங்குள்ள மாணவர்களின் குணக்குறை என்று நான் நினைக்கவில்லை. கிளையன்ட் எதிரே உட்கார்ந்திருக்கிறார், காபி வாங்கித் தருகிறார், தாமதமானால் மேனேஜரை அழைத்துப் புகார் சொல்கிறார். முதலீட்டாளரோ ஓய்வூதியக்காரரோ அந்த அறைக்குள் ஒருபோதும் வருவதில்லை. யார் கண்ணில் படுகிறாரோ அவருக்கே விசுவாசம் போய்ச் சேரும்.

அடுத்தது நேரம். பட்டியலிடப்பட்ட கம்பெனிகள் மார்ச் 31 முடிந்த 60 நாட்களுக்குள் ஆண்டு முடிவுகளை வெளியிட வேண்டும். காலாண்டு முடிவுகளுக்கு 45 நாட்கள். எனவே ஏப்ரலும் மே மாதமும் ஆடிட் அலுவலகங்களில் இரவு பகல் பாராத காலம். ஒவ்வொரு வேலைக்கும் இவ்வளவு மணி நேரம் என்று பட்ஜெட் போடப்படுகிறது, அந்த பட்ஜெட் கிளையன்ட் தர ஒப்புக்கொண்ட கட்டணத்திலிருந்து வருகிறது. பட்ஜெட்டுக்குள் வேலை முடியாதபோது இரண்டு வழிகள்தான் உண்டு: கூடுதல் நேரம் உழைத்துவிட்டு அதைக் கணக்கில் காட்டாமல் இருப்பது, அல்லது வேலையை முடிக்காமலே முடித்ததாக டிக் போடுவது. இரண்டாவதை வெறும் ஊகம் என்று ஒதுக்க முடியாது. அமெரிக்காவில் தணிக்கையாளரின் பொறுப்புகளை ஆராய்ந்து 1978இல் அறிக்கை தந்த கோஹன் குழுவுக்காக நடத்தப்பட்ட ஆய்வில், பாதிக்கும் மேற்பட்டவர்கள் ஏதோ ஒரு சமயம் செய்யாத சோதனையைச் செய்ததாகக் கையெழுத்திட்டதை ஒப்புக்கொண்டார்கள். முதல் வழியும் தீங்கற்றதல்ல. காட்டப்படாத மணி நேரங்களால் இந்த ஆண்டு பட்ஜெட் போதுமானதாகத் தோன்றும். அடுத்த ஆண்டும் அதே பட்ஜெட் வரும். அடுத்து வரும் மாணவரும் அதே பள்ளத்தில் விழுவார். 2024இல் புனேயில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதங்களில் இறந்துபோன 26 வயது சி.ஏ. ஒருவரின் தாய், வேலைச் சுமையே மகளைக் கொன்றது என்று எழுதிய கடிதம் நாட்டை உலுக்கியது. நிறுவனம் அந்தக் காரணத்தை மறுத்தது. அந்த மரணத்தின் காரணத்தை இங்கே தீர்மானிக்க முடியாது. ஆனால் கடிதத்தைப் படித்த எண்ணற்ற இளம் கணக்காளர்கள் இது தங்கள் கதையும்தான் என்று பொதுவெளியில் சொன்னார்கள். உழைப்பாளர் நலன் என்ற கோணத்தில் அது சரியாகவே விவாதிக்கப்பட்டது. ஆனால் பதினைந்து மணி நேரம் தொடர்ந்து உழைத்த கண் சரிபார்த்த கணக்கின் தரம் என்ன என்ற கேள்வி அந்த விவாதத்தில் மிகக் குறைவாகவே எழுந்தது.

இதற்கு முதலில் வரும் மறுப்பு வலுவானது: மாணவர் எதிலும் கையெழுத்திடுவதில்லை, அவர் வேலையைச் சீனியர் பார்க்கிறார், மேனேஜர் பார்க்கிறார், பார்ட்னர் பார்க்கிறார், வழிகாட்டலும் மேற்பார்வையும் பார்ட்னரின் பொறுப்பு என்று தணிக்கைத் தரங்களே சொல்கின்றன, பிறகு அடிமட்டத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏற்றுவது ஏன்? சட்டப் பொறுப்பைப் பற்றி இது முழுக்கச் சரி. அறிவைப் பற்றிச் சரியில்லை. மேலே போகப்போகப் பார்க்கப்படுவது கிடங்கும் பில்லும் வங்கியும் அல்ல, அவற்றைப் பற்றி எழுதப்பட்ட ஃபைல். கிளையன்ட் வழியாக வந்த வங்கிக் கடிதமும் வங்கியிலிருந்து நேராக வந்த கடிதமும் ஃபைலில் ஒரே மாதிரிதான் இருக்கும்; கவரைப் பிரித்தவருக்கு மட்டுமே வித்தியாசம் தெரியும். நான்கு பேர் ஒரே காகிதத்தைப் பார்ப்பதால் அந்தக் காகிதம் நான்கு மடங்கு உண்மையாகிவிடுவதில்லை. அந்த ஒரு மனிதருக்குத் தெரிந்தது மேலே போக வேண்டுமானால், சொல்வதால் தனக்குத் தீங்கு வராது என்ற நம்பிக்கை அவருக்கு வேண்டும்.

அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதைப் பிரிட்டனின் கரிலியன் வழக்கு காட்டியது. 2018 ஜனவரியில் கரிலியன் என்ற கட்டுமான நிறுவனம் வீழ்ந்தது. அதன் கணக்கைத் தணிக்கை செய்த கே.பி.எம்.ஜி. மீதான விசாரணையில், தரச் சோதனைக்கு வந்த ஒழுங்குமுறை ஆணைய ஆய்வாளர்களிடம் பின்னால் தயாரித்த ஆவணங்களைப் பழையவை போலக் கொடுத்தது நிரூபணமானது. 2022இல் நிறுவனத்துக்கு 1 கோடியே 44 லட்சம் பவுண்ட் அபராதம். மூத்தவர்களுக்கு அபராதமும் பல ஆண்டுத் தொழில் தடையும். குற்றம் உறுதியானவர்களில் அணியின் மிக இளையவரும் ஒருவர். மேலிருந்து சொன்னதைத்தான் அவர் செய்தார் என்று அவர் தரப்பில் வாதிடப்பட்டது. அபராதம் இல்லாமல் கடுமையான கண்டனத்தோடு அவர் விடப்பட்டார். அந்தத் தண்டனை வேறுபாடு நியாயமானதே. ஆனால் அவர் பெயரும் தீர்ப்பில் நிரந்தரமாக இருக்கிறது. கீழ்ப்படிதலை நல்ல பயிற்சி மாணவரின் முதல் குணமாகப் போற்றி வளர்த்துவிட்டு, தவறான ஆணைக்குக் கீழ்ப்படிந்த நாளில் ‘உனக்குச் சுயபுத்தி இல்லையா’ என்று தொழில் அவரைக் கேட்கிறது.

நெறிமுறைகள் பாடத்திட்டத்திலேயே இருக்கின்றன என்று சிலர் சொல்லலாம். பாடமாக இருப்பது போதுமா என்பதற்கு 2022 ஜூனில் பதில் கிடைத்தது: அமெரிக்காவில் கணக்காளராவதற்கான சி.பி.ஏ. உரிமத்தின் நெறிமுறைத் தேர்விலேயே ஊழியர்கள் விடைகளைப் பகிர்ந்துகொண்டதற்காக எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனத்துக்கு எஸ்.இ.சி. 10 கோடி டாலர் அபராதம் விதித்தது. இதைப் பற்றி மேலும் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னும் கனமான மறுப்பு, சிறிய அலுவலகங்கள் இதைவிட மோசம் என்பது. உண்மையிலேயே பல இடங்களில் நிலைமை அப்படித்தான். பெயருக்குச் சேர்ந்து அலுவலகம் பக்கமே போகாமல் வீட்டிலோ கோச்சிங் வகுப்பிலோ படித்து முடிக்கும் ‘டம்மி ஆர்ட்டிகிள்ஷிப்’ பெரும்பாலும் சின்ன அலுவலகங்களின் நோய். பெரிய நிறுவனத்தில் சேர்பவர் புதிய கணக்கியல் தரங்களை நடைமுறையில் பார்க்கிறார், செய்த சோதனைகளைப் பதிவு செய்யும் ஒர்க்கிங் பேப்பரை ஒழுங்காக எழுதக் கற்கிறார், வங்கியும் காப்பீடும் கார்த் தொழிற்சாலையும் எப்படி இயங்குகின்றன என்று உள்ளிருந்து அறிகிறார், ஊக்கத்தொகையும் அதிகம். இவற்றைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் மதுரையிலோ ஈரோட்டிலோ நேர்மையாக நடக்கும் ஒரு சிறு அலுவலகத்தில், ஒரே கம்பெனியின் பில் முதல் பேலன்ஸ் ஷீட் வரை, ஜி.எஸ்.டி. முதல் வருமான வரி அதிகாரியின் நோட்டீஸ் வரை மாணவர் முழுவதையும் பார்க்கிறார். பிரின்சிபல் அடுத்த அறையில் இருக்கிறார். பெரிய நிறுவனத்தில் அவருக்குக் கிடைப்பது ஒரு துண்டு, நிலையான சொத்து மட்டும், அல்லது சம்பளச் செலவு மட்டும். துண்டை மட்டும் பார்ப்பவருக்கு முரண்பாடு கண்ணில் படுவது கடினம். விற்பனை இரட்டிப்பானபோது மின்சாரச் செலவு ஏன் ஏறவில்லை என்று கேட்க இரண்டு துண்டுகளும் ஒரே தலைக்குள் இருக்க வேண்டும். பெரிய நிறுவனத்தின் நன்மைகளை ஒப்புக்கொள்வதால் என் வாதம் பலவீனப்படவில்லை. நாட்டின் மிகப் பெரிய கம்பெனிகளின் கணக்குகள் அங்கேதான் தணிக்கையாகின்றன என்பதால், அங்குள்ள குறையின் விலையும் மிகப் பெரிது.

ஊக்கத்தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய இங்கிலாந்தில் ஆர்ட்டிகிள் மாணவரின் குடும்பம்தான் பிரின்சிபலுக்குப் பணம் கட்டியது. ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளின் தொழிலாக அது இருந்தது. இந்திய விதிகள் மாணவரிடம் அப்படிப் பணம் வாங்குவதைத் தடுத்ததோடு, பிரின்சிபல் குறைந்தபட்ச ஊக்கத்தொகை தர வேண்டும் என்றும் சொல்லின. நல்ல முடிவு. ஆனால் 2023க்கு முன்பு இருபது லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட நகரத்தில்கூட முதலாண்டுக்கு விதித்த குறைந்தபட்சத் தொகை மாதம் 2,000 ரூபாய். புதிய திட்டம் அதை உயர்த்தினாலும் சென்னையில் ஒரு ஹாஸ்டல் கட்டிலுக்கான வாடகைக்கே அது போதுவது கடினம். இது படிப்பு, வேலை அல்ல, படிப்புக்குச் சம்பளம் கேட்கலாமா என்று தொழிலின் மூத்தவர்கள் கேட்பார்கள். கிளையன்டுக்கு அனுப்பும் கட்டணப் பில்லில் மாணவரின் மணி நேரங்களும் கணக்கிடப்படும் அலுவலகத்தில் அந்தக் கேள்வி நிற்காது. இதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. தர்மபுரியிலிருந்தோ ராமநாதபுரத்திலிருந்தோ வந்த, வீட்டிலிருந்து பணம் எதிர்பார்க்க முடியாத மாணவர், குறைந்தபட்சத்தைவிடப் பல மடங்கு தரும் பெரிய நிறுவனத்தில் இடம் கிடைத்தால் அதை இழக்கும் அபாயத்தை எடுக்கவே மாட்டார். நினைத்தபோது வேறிடத்துக்கு மாறவும் விதிகள் எளிதில் விடுவதில்லை. அதற்குரிய காரணங்களும் ஒப்புதலும் வேண்டும். வறுமையையும் கட்டுப்பாட்டையும் ஒன்றாக நெஞ்சில் சுமப்பவரிடம் ‘சந்தேகப்படு, துணிந்து கேள்’ என்று சொல்வது எளிது; அவர் கேட்டால் என்ன ஆகும் என்று யாரும் சொல்லித் தருவதில்லை.

கடைசி மறுப்பு இப்போதெல்லாம் நம்பிக்கையோடு சொல்லப்படுவது: இந்த வேலைகளையே இயந்திரம் எடுத்துக்கொள்ளப்போகிறது. மென்பொருள் மாதிரிக்குப் பத்து பில் எடுக்காமல் எல்லா பில்களையும் பார்த்துவிடும்; 2023 ஏப்ரல் முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் திருத்தங்களின் தடம் அழியாமல் பதிவாக வேண்டும் என்ற விதியும் வந்துவிட்டது. இவை உண்மையான முன்னேற்றங்கள். ஆனால் இயந்திரம் தனக்குக் கொடுத்த தரவுக்குள் உள்ள பொருத்தமின்மையைக் காணும். தரவுக்கு வெளியே பொருள் இருக்கிறதா என்பதை அது போய்ப் பார்க்காது. 2020 ஜூனில் ஜெர்மனியின் வயர்கார்ட் நிறுவனத்தில் 190 கோடி யூரோ காணாமல் போனதாகத் தெரிந்தபோது, அந்தப் பணம் பிலிப்பைன்ஸ் வங்கிகளில் இருப்பதாகச் சொன்ன காகிதங்கள் போலி என்று அந்த வங்கிகளே அறிவித்தன. சத்யத்துக்குப் பதினொரு ஆண்டுகளுக்குப் பிறகு, எல்லாத் தொழில்நுட்பமும் வந்துவிட்ட பிறகு, அதே கேள்வி: பணம் இருக்கிறதா என்று யார் யாரிடம் நேராகக் கேட்டார்கள்? இயந்திரம் டிக் போடத் தொடங்கினால் மாணவருக்கு மிஞ்சுவது இந்தக் கேள்வி மட்டுமே. பயிற்சிக் காலமும் மூன்றிலிருந்து இரண்டு ஆண்டாகச் சுருங்கிவிட்டதால், ஃபைல் நிரப்பக் கற்றுக்கொண்டுவிட்டு மெதுவாகச் சந்தேகிக்கக் கற்கலாம் என்ற பழைய சௌகரியமும் போய்விட்டது.

2018 அக்டோபரில் அமைக்கப்பட்ட தேசிய நிதி அறிக்கை ஆணையம் 2023 முதல் பெரிய தணிக்கை நிறுவனங்களின் ஆய்வறிக்கைகளை வெளியிட்டு வருகிறது. நிறுவனத்தின் சுதந்திரம், தரக்கட்டுப்பாட்டு முறை, தேர்ந்தெடுத்த சில தணிக்கை ஃபைல்கள் ஆகியவற்றை அவை ஆராய்கின்றன. ஒவ்வொரு ஒர்க்கிங் பேப்பரிலும் தயாரித்தவர், சரிபார்த்தவர் என்று இரண்டு பெயர்கள் இருக்கும். ஆய்வாளர்கள் முதல் பெயருக்கு உரியவரை அழைத்துப் பேசலாம்: இந்த வேலைக்கு எத்தனை மணி நேரம் கொடுத்தார்கள், உண்மையில் எத்தனை மணி நேரம் ஆனது, அதில் எத்தனையைப் பதிவு செய்தாய், எந்த பில்லில் சந்தேகம் வந்தது, யாரிடம் சொன்னாய், அவர் என்ன பதில் சொன்னார். மாணவர் எழுப்பும் ஒவ்வொரு சந்தேகமும் அது தீர்க்கப்பட்ட விதமும் ஃபைலிலேயே அழியாமல் இருக்க வேண்டும் என்று கழகம் விதி செய்யலாம். கம்பெனிகளின் மென்பொருளுக்கு நாம் ஏற்கெனவே கேட்டுவிட்டதைத் தணிக்கையாளரின் ஃபைலுக்கும் கேட்பதில் எந்த நூதனமும் இல்லை. தெரிவித்த சந்தேகத்துக்காகத் துன்பப்படும் மாணவர், பாக்கிப் பயிற்சியை வேறு பிரின்சிபலிடம் தொடர, அந்த ஒரு காரணமே போதுமானதாக ஏற்கப்பட வேண்டும். ஆய்வாளர் மாணவரோடு பேசும் அறையில் சீனியரோ பார்ட்னரோ உடன் இருக்கக் கூடாது, அந்தப் பேச்சின் பேரில் அவருடைய பயிற்சிச் சான்று ஒரு நாள்கூடத் தாமதமாகக் கூடாது.